நாலாம் பாத்தி சாம்பிள்

3 ஏப்ரல் 2006, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காற்று இல்லை. நாலு, ஏழு, ஒன்பது பாத்திகளில் உப்பு வாரியாயிற்று. சென்னை வியாபாரிக்குச் சாம்பிள் பொட்டலம் கட்டி அனுப்பினேன். எல்லாம் நாலாம் பாத்தி. அதுதான் வெள்ளை. சுனாமி அலை வந்து போனதிலிருந்து மற்ற பாத்திகளில் சேறு. உப்பு சாம்பல் நிறம். அதைச் சாம்பிளில் போடுகிறவன் பைத்தியக்காரன். பதினோரு வருஷமாக இந்த மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி, பதினோரு வருஷமாக இப்படித்தான். வாங்குகிறவனுக்கும் தெரியும்.

வாங்க வேண்டியது: தார்ப்பாய்க் கயிறு, டார்ச் செல், விஜயாவுக்கு ஃபோலிக் மாத்திரை.

விஜயா பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாளாம். ஆனாலும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்னங்க, வியாழக்கெழம ஸ்கேன். முட்டை நல்லா வளந்திருந்தா இந்த மாசமே உள்ள வெச்சிடலாம்னு சொல்லிட்டாங்க டாக்டரம்மா. உங்க ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்துட்டு, இவ்ளோ நல்ல கவுண்ட்டு இருக்குது, எதுக்கும்மா கவலப்படறன்னாங்க."

கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

அந்த ரிப்போர்ட் என்னுடையது இல்லை.

எழுதிவிட்டேன். வியாபாரி புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி, இதுவரை வெறுமனே கிடந்தது. அளத்து ஆபீஸ் மேஜையில் பூட்டி வைக்க வேண்டும். இனி விஜயாவை வி. என்று எழுத வேண்டும், யாராவது பார்த்துவிட்டால்? பார்த்தால் எல்லாமே போச்சு. பேரை மறைத்து என்ன ஆகப்போகிறது.

5 ஏப்ரல், புதன்

நேற்று எழுதவில்லை. மோட்டார் ரிப்பேர்.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். தலைக்குள்ளேயே சுற்றினால் பைத்தியம் பிடித்துவிடும்.

கல்யாணமாகி ஏழு வருஷம். போன ஐப்பசியில் நான் மட்டும் திண்டிவனம் போய் ஒரு லேபில் டெஸ்ட் எடுத்தேன். விந்தணு மூன்று மில்லியன். குறைந்தது இருபது இருக்க வேண்டுமாம். அந்த மூன்றிலும் நீந்துகிறது நூற்றுக்குப் பத்து. மீதி சும்மா கிடக்கிறதாம். லேப்காரர் நல்ல மனுஷன். "வெயில்லயே நிக்கிற வேலையா? லுங்கிய தளர்வா கட்டுங்க" என்றார். வரும் வழியில் பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை ஊர் பெயர் கேட்டான். ரிப்போர்ட்டில் கல்லைச் சுற்றிக் கடைசிப் பாத்தியில் போட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. கண் எரிச்சலுக்கு என்று சொல்லி முருங்கைப்பூப் பால் குடித்தேன், இரண்டு மாதம்.

தை மாதம் பாண்டி டாக்டரம்மா என் டெஸ்ட்டைக் கேட்டார். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே கொண்டுவரச் சொன்னார். ஏழுமலையிடம் கேட்டேன். கூடப் படித்தவன், நம் அளத்து உப்பு ஏற்றும் லாரி டிரைவர், வீடு பெரிய முதலியார்சாவடி. மூன்று பிள்ளைகள். சிரித்துக்கொண்டே கொடுத்தான். "ஒரு பேப்பருக்குத்தானடா." அங்கிருந்து ஆஸ்பத்திரி இருபது நிமிஷம்.

சத்தியமாக அன்று அது தப்பாகவே தெரியவில்லை. நாலாம் பாத்தி உப்பை அனுப்புகிற மாதிரிதான் நினைத்தேன். சாம்பிள் என்றால் நல்லதைத்தானே கொடுப்பார்கள்.

எழுபத்திரண்டு மில்லியன். நீந்துகிறது அறுபத்தைந்து பர்சன்ட்.

அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். "எம்புள்ள மேல குத்தமில்லன்னு பேப்பர்லயே போட்டுட்டாங்க." வி. அன்று சாப்பிடவில்லை.

என் மேல் குறை இல்லை என்று ஆனபின் எல்லாம் அவளுக்குத்தான். ரத்தம், மாத்திரை, அப்புறம் மாசியில் கருக்குழாய் எக்ஸ்ரே. உள்ளே கத்தினாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் போஸ்டரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வெளியே வந்தவள் "ரொம்பல்லாம் வலிக்கலங்க" என்றாள். உதடு கடிபட்டிருந்தது.

குழாயும் நன்றாகத்தான் இருக்கிறது.

6 ஏப்ரல், வியாழன்

ஸ்கேன். வலது பக்கம் ஒன்று வளர்கிறது. திங்கட்கிழமை மறுபடி. நான் இன்றிலிருந்து "விரதம்" என்று நர்ஸ் சொல்லியனுப்பினார். வி. சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

விந்தைக் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற அன்று மறுபடி எண்ணுவார்களாம். கழுவுவதற்கு முன்னால் ஒரு தடவை, கழுவிய பிறகு ஒரு தடவை. எனக்குத் தெரியாது. ஒரே டெஸ்ட்டோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

8 ஏப்ரல், சனி

மைக் கட்டிய ஆட்டோ நாள் முழுக்க. யாருக்கு ஓட்டு என்று ஆள்காரர்கள் பாத்திக்குள் நின்றே சண்டை.

ஏழுமலை லோடுக்கு வந்தான். உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன். மறுபடி எண்ணுகிறார்கள், என்னுடையதைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன்.

அவன் மறுப்பான் என்றே நினைத்தேன். மறுத்தால் திட்டலாம், அழலாம் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவன் பீடியைத் தட்டிவிட்டு, "அதுக்கென்னடா. பொதங்கெழம காலையில வந்து வாங்கிக்க" என்றான். லாரி ஏறும்போது திரும்பி, "புள்ள நல்ல கலரா பொறக்கும்டா" என்று சிரித்தான்.

அதுவரை எனக்கு அது ஒரு பாட்டில் மட்டும்தான். பிள்ளை என்று அதை முதலில் சொன்னது அவன்தான்.

10 ஏப்ரல், திங்கள்

முட்டை பத்தொன்பது மி.மீ. இன்று ராத்திரி ஊசி, நம்மூர் நர்ஸம்மாவே போட்டுவிடுவார். புதன் காலை பத்து மணிக்கு உள்ளே வைப்பது.

பயங்கள்:
1. என்னுடையதைக் கொடுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். வி. பக்கத்தில் இருப்பாள்.
2. ஏழுமலையுடையதைக் கொடுத்துக் கரு நின்றுவிட்டால்.
3. கொடுத்தும் நிற்காவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டுப் பார்ப்பார்களாம். மயக்க மருந்து கொடுத்து. வி. இப்போதே சரி என்று சொல்லிவிட்டாள்.
4. அம்மா.
5. இரண்டாவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

சாயங்காலம் அவள் குழம்புக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "உங்க மூக்கு மட்டும் வேணாங்க, மத்ததெல்லாம் உங்கள மாதிரியே இருந்தாப் போதும்" என்றாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துபோனேன்.

12 ஏப்ரல், புதன்

வரிசையாக எழுத வேண்டும்.

ஆறரை பஸ். பெரிய முதலியார்சாவடியில் நான் இறங்கிக்கொண்டேன். லாரி வாடகைப் பேச்சு இருக்கிறது, நீ போய் டோக்கன் போடு என்றேன். அவள் நம்பினாள். நான் எது சொன்னாலும் நம்புகிறாள்.

ஏழுமலையின் கடைசிப் பெண் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தது. "மாமா" என்றது. அவன் பிள்ளைகள் மூன்றுக்கும் ஒரே காது. மேலே கூராக, அப்பனுடைய காது. இதுவரை நான் கவனித்ததே இல்லை.

ஏழுமலை கொடுத்த பாட்டிலைப் பனியனுக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அது என் சூடு இல்லை. ஆட்டோவில் இருந்த எல்லாரும் என் வயிற்றையே பார்ப்பதாகத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் புதுப் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். என் பேர் ஒட்டியிருந்தது. "உள்ள வெக்கிற அன்னிக்கு இங்கயே ரூம்லதாங்க எடுக்கணும். வீட்லேர்ந்து கொண்டாந்தா வாங்கமாட்டோம்."

ரூம் கதவைத் தாழ் போட்டேன். ஒரு நாற்காலி, வாஷ்பேசின், கிழிந்த காலண்டர். கையில் இரண்டு பாட்டில். இதிலிருந்து அதில் ஊற்றினால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. மூடியைத் திறந்தும்விட்டேன்.

பெரிய காரணம் எதுவும் தோன்றவில்லை. அந்தக் காதுதான் ஞாபகம் வந்தது. தொட்டிலில் குனிந்து நான் தினமும் அந்தக் காதைப் பார்க்க வேண்டும். அவளும் பார்ப்பாள்.

வாஷ்பேசினில் கொட்டினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அப்புறம் புதுப் பாட்டிலைக் கையில் எடுத்தேன். என்னால் முடியவில்லை. நாற்பது நிமிஷம். இரண்டு தடவை கதவைத் தட்டி, "சார், ஆச்சா?" கடைசியில் எப்படியோ.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். மேஜையில் இரண்டு பேப்பர்.

"தையில எழுபத்திரண்டு. இன்னிக்கு ஆறு. நீந்தறது இருபது பர்சன்ட். மூணு மாசத்துல இப்படி விழாது. காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

வி. எனக்காக, "இல்லைங்களே டாக்டர், நல்லாத்தான் இருந்தாரு" என்றாள்.

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். அவரே வழி காட்டினார். எங்கிருந்து வந்ததோ, "மொதல் பேப்பர் என்னுதில்லங்க" என்றேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டினார். எக்ஸ்ரே, ஊசி, மாத்திரை, ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினார். காதில் பாதிதான் விழுந்தது. வி. மடியிலிருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு டாக்டரம்மா அவளைப் பார்த்து, "கழுவினப்புறம் ரொம்பக் கொஞ்சம்தான் தேறும். வாய்ப்பு கம்மி. ஆனா முட்டை இன்னிக்குத்தான். வெக்கிறதா வேணாமா, நீ சொல்லும்மா. அவர் சொல்ல வேணாம்" என்றார்.

வி. மேஜையில் இருந்த இரண்டு பேப்பரையும் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள். "இன்னிக்கு எடுத்தது இவருதுதானா?"

"இங்க ரூம்ல எடுத்தது. ஆறுங்கறதே சொல்லுதேம்மா."

"அப்ப வெச்சிடுங்க."

வெளியே பெஞ்சில் அதே போஸ்டர்.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வேறு இடம் இல்லை. கோட்டக்குப்பம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி, "அது யாருது?" என்றாள்.

சொன்னேன்.

"நம்ம வீட்ல சாப்ட்டுட்டுப் போற ஏழுமலை அண்ணனுதா?" அப்புறம், "இன்னிக்கும் அங்கதான் எறங்குனியா?"

"கொட்டிட்டேன் விஜயா."

நீ என்று அவள் என்னைச் சொன்னது இதுதான் முதல் தடவை. மரக்காணம் வரை அவ்வளவுதான்.

14 ஏப்ரல், வெள்ளி

சித்திரை ஒன்று. பச்சடி, வடை. அம்மா வாசலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பழைய பேப்பர் கதையை ஆரம்பித்தாள். வி. கரண்டியோடு வந்து நின்று, "உங்கம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

நானே சொன்னேன். அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போனாள். போகும்போது, "வெளிய யாருகிட்டயும் சொல்லாத" என்று மட்டும். வி.யிடம் ஒரு வார்த்தை இல்லை.

15 ஏப்ரல், சனி

ஏழுமலை மாதுளம்பழத்தோடு வீட்டுக்கு வந்தான். "தங்கச்சிக்கு ரத்தம் ஊறும்." உள்ளே எட்டிப் பார்த்தான். என் காதருகில், "நின்னுச்சுன்னா மொதல்ல எனக்குச் சொல்லு" என்றான்.

கொட்டிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நம்புவானா? நான் அவன் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன். பிள்ளை பிறந்தால் ஆயுசுக்கும் இப்படித்தான் எட்டிப் பார்ப்பான். இதைப் பத்தாம் தேதிப் பட்டியலில் எழுத விட்டுப்போயிற்று.

பழத்தையெல்லாம் வி. ஆட்டுக்குப் போட்டாள்.

18 ஏப்ரல், செவ்வாய்

வி. பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். ரேஷன் கார்டு எடுக்கப் பிளாஸ்டிக் கவரைத் திறந்தேன். உள்ளே புதன்கிழமை ரிப்போர்ட், நாலாக மடித்து. ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஐப்பசியில் நான் கல்லைச் சுற்றிப் போட்ட மாதிரி ஒரு பேப்பர்.

எதற்கு வைத்திருக்கிறாள்? பஞ்சாயத்துக்கா? பிறந்த ஊரான பிரம்மதேசத்திலிருந்து அவள் அண்ணன்கள் வந்தால்? கவரை இருந்தபடி வைத்தேன். இன்று உப்பளத்தில் கால் இரண்டு தடவை வழுக்கிற்று.

22 ஏப்ரல், சனி

மேகம். தார்ப்பாய் தயார். வி.க்குக் கர்ப்ப டெஸ்ட் வரும் வியாழக்கிழமை.

லோடு ஏற்றிவிட்டு ஏழுமலை லாரியை வீட்டு முன்னாலேயே நிறுத்தினான். தெருக்குழாயில் நாலைந்து பேர் குடத்தோடு. இவன் இறங்கி, "என்ன தங்கச்சி, ஒடம்பு எப்படி இருக்குது? டேய் சேகரு, நல்லா பாத்துக்கடா. நம்ம புள்ள" என்று சிரித்தான். விளையாட்டு மாதிரிதான்.

வி. உள்ளே போனாள். ரேஷன் கார்டு கவரோடு வந்தாள். பேப்பரைப் பிரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படிங்கண்ணா. என்னா போட்டிருக்குது?"

"ஆறு..."

"உங்குளுது எழுவத்திரண்டு. எனக்கு வெச்சது இந்த ஆறு. எம் புருசன்து. நிக்குதோ நிக்கலியோ, இதுதான். நல்லா பாத்துக்கங்க. இனிமே லோடு ஏத்துனா அளத்து கேட்டோட போயிடுங்க."

சத்தமாகத்தான் சொன்னாள். குழாயடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, யாரும் குடத்தை நகர்த்தவில்லை. ஏழுமலை என்னைப் பார்த்தான். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். லாரி போய்விட்டது.

அவள் பேப்பரைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கவருக்குள் வைத்தாள். திரும்பாமலே, "டீத்தூள் இல்ல. வாங்கிட்டு வா" என்றாள். எட்டு நாளைக்கப்புறம் என்னிடம் முதல் பேச்சு.

சட்டையை மாட்டிக்கொண்டேன். கடைக்குக் குழாயடியைத் தாண்டித்தான் போக வேண்டும்.