ஒழுங்கைக்குச் சாட்சி

வால்தம்ஸ்டோ, லண்டன்
மே 17

அன்பு மகள் மேனுஷாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அப்பப்பாவின் பிறஷர்கூட இன்று காலை நல்ல கணக்கில்தான் நின்றது, நானே அளந்தேன். உன் சுகத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை, நீ எழுதினால்தான் தெரியும், ஆகவே நல்லா இருக்கிறன் என்று இரண்டு சொல்லில் முடிக்காமல் ஒழுங்காக எழுது. நியூசிலாந்தில் குளிர் தொடங்கியிருக்கும், கிவித் தோட்டத்தில் காலமை ஈரத்தில் நின்று பழம் பிடுங்குகிறவளுக்கு நல்ல சப்பாத்து வேண்டும், மலிவானதை வாங்காதே. அம்மா ஈஸ்ட் ஹாம் சீலைக்கடையில் நீ விவசாய ஆராய்ச்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார், யாராவது கேட்டால் திருத்திவிடாதே. அப்பப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "தோட்டத்தை விட்டு ஓடிவந்தவன் நான், பேத்தி பிளேன் ஏறித் தோட்டத்துக்குப் போறாள்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்கிறார், பெருமையாகத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் கதைக்காமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம் உறைக்குள் இருக்கும் படிவமும் வரைபடமும். இரண்டிலும் பேனாவால் கையெழுத்து வேண்டும், படம் எடுத்து அனுப்பினால் எடுக்கமாட்டார்களாம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய மரக்காலை ஓரமாகப் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்சுக்கும் போகும் ஒழுங்கையைப் பூட்டப் போகிறார்கள். மரக்காலை வைத்துப் பலகை விற்ற மிஸ்டர் ஹார்க்கர் செத்தபின் காணியை ஒரு கம்பனி வாங்கியது உனக்குத் தெரியும். பெப்ரவரியில் இரும்புக் கேற் போட்டார்கள், ஜூலை முதலாம் திகதியிலிருந்து பூட்டு என்று அறிவித்தலும் ஒட்டியிருக்கிறார்கள். ஒழுங்கையால் போனால் நூற்று நாற்பது மீற்றர், பெரிய ரோட்டால் சுற்றினால் ஆயிரத்து நூறு, லொறி திரும்புகிற இடம் வேறு. மாரடைப்புக்குப் பிறகு அப்பப்பா தினமும் நடக்கவேண்டும் என்பது டொக்டரின் கட்டளை, பெரிய ரோட்டால் அவர் நடக்கமாட்டார் என்பது அவருடைய கட்டளை. பூட்டினால் மனிதர் கதிரையில் இருந்துவிடுவார், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

இந்த நாட்டில் ஒரு சட்டம் இருப்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது, நில அளவையாளன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு பாதையால் சனம் இருபது வருடம் நடந்தால், ஒளிக்காமல், மறிப்பை உடைக்காமல், யாரிடமும் அனுமதி வாங்காமல் நடந்தால், அது பொதுவழி. காணி உறுதி வேண்டாம், பட்டயம் வேண்டாம், நடந்தவர்கள் நடந்தோம் என்று எழுதிக் கொடுத்தால் கவுன்சில் அதை எடுத்துப் பார்க்கவேண்டும். சின்ன வயதில் நடந்ததும் கணக்கில் சேரும். இதை எனக்குச் சொன்னவர் டொறின், தேவாலய மண்டபத்தில் உள்ளூர் வரலாற்றுக் குழு நடத்துகிற எண்பத்தெட்டு வயது மனுசி. நான் முதலில் பொறுமையில்லாமல்தான் போனேன், கேக்கும் தேத்தண்ணியும் பழங்கதையுமாக இருக்கும் என்று. அவர் 1863-இல் கீறிய வரைபடத்தின் பிரதியை விரித்தார். எங்கள் வீடு நிற்கிற இடம் வயல், பள்ளிக்கூடம் வயல், ஹைவீதியில் பாதி வயல், நடுவே புள்ளிக் கோடாக ஒரு நடைபாதை, தேவாலயத்திலிருந்து ஆற்றுப் பக்கம் போகிறது. அதை என் அளவீட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். நாற்பது சென்டிமீற்றர்தான் வித்தியாசம் மகள். வயல் போய் வீடு வந்து, குண்டு விழுந்து, திரும்பக் கட்டி, அவ்வளவுக்கும் பிறகு அந்தப் பாதை நாற்பது சென்டிமீற்றருக்கு மேல் விலகவில்லை. யாரும் அதைக் காவல் காக்கவில்லை, நடந்தார்கள், அவ்வளவுதான். நான் கணினியை மூடிவைத்துவிட்டு யன்னலால் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அம்மா வந்து காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

டொறின் ஆறு வயதில், யுத்த காலம், வாயுமுகமூடிப் பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அந்த ஒழுங்கையால் பள்ளிக்கூடம் ஓடினவராம். மதில் மூலையில் ஒரு படி இருந்தது, அதில் மதிலிலிருந்து நாலாவது செங்கல்லில் நாய்க்கால் பதிந்திருக்கும், அதில் மிதித்தால் அன்றைக்குச் சைரன் ஊதாது என்று நினைத்தேன் என்றார். எண்பது வருடத்துக்கு முந்திய கதையை அளவை என்று எடுக்க எனக்குப் பழக்கமில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் கரண்டி ஒன்று கொண்டுபோய் மதில் மூலையில் மண்ணைச் சுரண்டினேன். ஒரு சாண் ஆழம்கூட இல்லை, படி வந்தது. மதிலிலிருந்து எண்ணினேன். நாலாவது செங்கல். நான்கு விரலும் நடுவே ஒரு குழியும், சூளைக்குப் போகுமுன் ஈரமாக இருந்தபோது எந்த நாயோ மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. படம் எடுத்து டொறினுக்கு அனுப்பினேன், அவர் திருப்பி அனுப்பியது ஒரே ஒரு வரி, அங்கேதான் இருக்கும் என்று சொன்னேனே.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். அப்பப்பா படிவத்தை யார் உதவியும் இல்லாமல் தானே நிரப்பி டொறினிடம் வாசிக்கக் கொடுத்திருந்தார். இருபத்தொன்பது வருடம், நாளுக்கு இரண்டு தரம், எங்களிடம் இருக்கும் ஆகப் பெரிய சாட்சி அவர்தான். ஒன்பதாம் கேள்வி, யாராவது உங்களுக்கு அனுமதி தந்தார்களா. அதற்கு முத்துமுத்தாகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்: ஆம், 1996 டிசம்பரில் மிஸ்டர் ஹார்க்கர் தந்தார், நல்ல மனிதர். டொறின் எனக்குப் போன் எடுத்தார். அனுமதியோடு நடந்தால் அது விருந்தாளி நடந்தது மாதிரி, பொதுவழி ஆகாது, இந்த ஒரு தாளைக் காட்டியே கம்பனியின் வக்கீல் மற்ற எல்லாரும் அனுமதியோடுதான் நடந்தார்கள் என்று வாதாடுவார் என்றார். மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். அந்தக் கேள்வியைச் சும்மா விடுங்கோ அப்பா என்று அப்பப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பொய்யெழுதச் சொல்றியோ" என்றார். கோண்டாவிலில் கிணற்றுப் பாதைக்காகப் பக்கத்து வளவுக்காரரோடு பதினொரு வருடம் வழக்குப் பேசிக் கோட்டில் ஏறி இறங்கின குடும்பம் எங்களுடையது. மற்றவன் காணிக்குள் கால் வைக்குமுன் ஒரு சொல் கேட்டுவிட வேண்டும் என்பது அவருக்கு அங்கே ஊறினது.

உண்மை என்ன என்று எனக்குத் தெரியும், மேனுஷா. தெரிந்துகொண்டே இரண்டு கிழமை வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த டிசம்பரில் எனக்கு ஒன்பது வயது, இங்கிலீஷ் பழகி எட்டு மாதம், வீட்டில் அவ்வளவு இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான் மட்டும்தான். அப்பப்பா ஒரு தகர டின் பிஸ்கற் வாங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு மரக்காலை வாசலுக்குப் போனார். உங்கட காணிக்குள்ளால காலமையும் பின்னேரமும் போய்வர விடுவீங்களோ, ஒரு பலகையும் தொடமாட்டம் எண்டு கேள் என்றார். என் வகுப்புப் பொடியன்கள் இரண்டு பேர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டின்னைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு பாதையால் நடக்க மன்றாடுகிற ஆளின் மகனாக அவர்கள் முன்னால் நிற்க எனக்கு ஏலவில்லை. நான் ஹார்க்கரிடம், அப்பா இன்றைக்குச் சரியான குளிர் என்று சொல்கிறார் என்றேன். அவர் ஓம், இன்னும் கூடும் என்றார். டின்னை வாங்கிக்கொண்டு, நத்தார்ப் பண்டிகைப் பரிசு என்று நினைத்திருப்பார், சந்தோசமாகத் தலையாட்டினார். அப்பப்பா என்னவாம் என்று கேட்டார். எப்பவும் போய்வரலாமாம் என்றேன். அதற்குப் பிறகு ஹார்க்கர் சாகும்வரை அவர்கள் இருவரும் ஒவ்வொரு நாளும் கை தூக்கி வணக்கம் சொன்னார்கள், ஒருவர் கிடைத்த அனுமதிக்கு நன்றியாக, மற்றவர் அப்படி ஒன்று கேட்கப்பட்டதே தெரியாமல்.

ஒரு மனுசி ஆறு வயதில் பார்த்த செங்கல்லைச் சாட்சியாக வைக்கலாம் என்றால் ஒன்பது வயதில் நான் சொன்ன பொய்யும் சாட்சிதான், அதை நான் வைத்திருக்க உரிமையில்லை என்று எனக்கு விளங்கியது. போன சனிக்கிழமை பத்து மணிபோல, அப்பப்பா குசினி மேசையில் தேத்தண்ணியோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, எனக்கு அது வராது. அவர் பேப்பரை மடித்தார். நான் என்ன சொன்னேன் என்று சொல்லுக்குச் சொல் திரும்பச் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஹார்க்கர் என்ன சொன்னார் என்று கேட்டார், அதையும் சொன்னேன். "அப்ப இருபத்தொம்பது வருசமாய் நான் கேக்காமலோ நடந்தனான்" என்றார். ஓம் என்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வேறு எங்கே எங்கே மாற்றிச் சொன்னாய் என்று கேட்டார். நான் பள்ளிக்கூட ரிப்போர்ட்டை ஒத்துக்கொண்டேன், கணக்கு ரீச்சர் சொன்னதில் பாதியை விழுங்கியது உண்மை. டொக்டர் சிகரெட்டைக் குறைக்கத்தான் சொன்னவர், உடனே விடாவிட்டால் ஆறு மாதம் என்றது நான் சேர்த்தது. அதற்கு அப்பப்பா சிரித்தே விட்டார், படுபாவி, அதிலதான்ரா இப்ப இருந்து தேத்தண்ணி குடிக்கிறன் என்று.

பிறகு, லோயரிட்டை எதையும் மாத்தினியோ என்றார். அகதி வழக்குக் காலத்தில் மொழிபெயர்ப்பாளர் வராத ஒரு நாளில் லோயர் கந்தோரில் அவருக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். ஊரில் ஆமிக் காம்பில் வைத்து அவருக்கு என்னென்ன செய்தார்கள் என்று அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் சொன்னேன். அதை உனக்கு நான் எழுதப்போவதில்லை. அங்க ஒரு சொல்லும் மாத்தேல்லை அப்பா, எல்லாம் அப்பிடியே சொன்னனான் என்றேன். "அதை நீ மாத்தியிருக்கலாம்" என்றார். வழக்குக்காக அல்ல, அதைச் சொன்ன சின்ன வாய்க்காகச் சொன்னார். அவர் எழும்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, படிவத்தைக் கொண்டா என்றார். வெட்டி எழுதலாமா என்று நான் கேட்டதற்கு, நான் கேட்டது உண்மை, அந்த மனுசனுக்குப் போய்ச் சேரேல்லை எண்டதும் உண்மை, ரெண்டையும் எழுதவேணும் என்றார். அவர் தன்னுடையதை எழுதினார், நான் என்னுடையதை எழுதிக் கையெழுத்து வைத்தேன். டொறின் இரண்டையும் வாசித்துவிட்டு, மனதில் நினைத்தது கணக்கில்லை, உண்மையில் தரப்பட்டதா என்பதுதான் கணக்கு, இது போதும் என்று நினைக்கிறேன் என்றார், ஆனால் கவுன்சில் முடிவு சொல்ல ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கலாமாம், வெல்லுவோம் என்று நான் உனக்குச் சத்தியம் பண்ண ஏலாது. எங்கள் தாள்கள் கவுன்சிலின் ஆவணக் கோவையில் இருக்கும், யார் கேட்டாலும் பார்க்கலாம். டொறினின் செங்கல்லுக்குப் பக்கத்தில் என்னுடைய ஒன்பது வயதும் இருக்கப்போகிறது. நினைக்கவே பிரமிப்பாக இருக்கிறது, பயமாகவும்.

இனி உன்னுடையது. நாலு வயதிலிருந்து நீ அதால் பள்ளிக்கூடம் போனாய், பதினான்கு வருடம், அதில் பெரும்பகுதி அப்பப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. வரைபடத்தில் நீ நடந்த வழியை நீயே கீறு, நான் கீறி அனுப்பவில்லை. ஒன்பதாம் கேள்வியில் நிதானமாக இரு. இது கேட்டு வாங்கின வழி என்று அப்பப்பா உனக்குச் சின்னனில் சொல்லியிருந்தால் அதையும் எழுது, எங்களுக்குப் பாதகம் என்று விடாதே. எதையாவது மறந்திருந்தால் மறந்துவிட்டேன் என்று எழுது. எனக்குப் பிடிக்கும் என்று ஒரு வரியும் சேர்க்காதே, ஒரு வரியும் குறைக்காதே. ஜூன் இருபதுக்கு முன் இங்கே வந்து சேரவேண்டும், நியூசிலாந்துத் தபாலுக்கு இரண்டு கிழமை என்று வைத்துக்கொள், கிடைத்த அன்றே அனுப்பு.

அம்மா உனக்குத் துர்க்கை அம்மன் காவல் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அப்பப்பா நீ நீடூழி நல்லாயிருக்க வேண்டுமாம். எனக்கு ஆசீர்வதிக்க வராது, ஆனால் ஒன்று. எங்களுக்காக நீ ஒரு நாளும் எதையும் மொழிபெயர்க்க வேண்டி வரவில்லை, உன் ஒன்பது வயது முழுக்க உன்னுடையதாகவே இருந்தது, அதைச் செய்து முடித்தது மட்டும் எனக்குப் போதும். சுகமாக இரு மகள்.

உன் அப்பா
யோ. தயாபரன்