வெட்டினாலும் திரும்பும் தார்

அன்பு மகளுக்கு,

இங்கு நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறாதே.

உன் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. வாய் குறையவில்லை.

உன் ஆட்கள் நம் வீட்டு முன்சாலையைச் சுரண்டியபோது வாசலில்தான் நின்றேன். நான் தார் காய்ச்சிப் போட்ட சாலை. சுரண்டி எடுத்த ஜல்லியோடு பழைய டயர்த்தூள் கலந்த தாரைச் சேர்த்து மறுபடி போடச் சொல்லி ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதிக் கொடுத்தது நீ. அன்று போனில், "குப்பையில ரோடு போடத்தான் உன்னப் படிக்க வெச்சேனா?" என்று கேட்டேன். "உங்க ரோட்ட நான் தூக்கிப் போடலப்பா" என்றாய். அதோடு நான்கு மாதம் பேச்சில்லை. மேலிடத்துக்குப் புகார் எழுதியதும் நான்தான்.

வியாழக்கிழமை விசாரணை. என் வாய்ச்சொல்லை வைத்து மிச்சம் ஆறு கிலோமீட்டரையும் நிறுத்திவிடுவார்களாம்.

பார்க்காமல் சாட்சி சொல்கிறவன் இல்லை நான். மேஸ்திரியிடம் ஒரு டப்பா டயர்த்தூள் தார் கேட்டேன். "பெரியவரே, புகாரும் குடுப்பீங்க, தாரும் கேப்பீங்களா? நல்லா இருக்கு நியாயம்!" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

ஆறிய பிறகு குச்சியால் தொட்டு ஒரு சாண் இழுத்தேன். இழையை நடுவில் கத்தரித்தேன். நான் காய்ச்சிய தார் என்றால் வெட்டிய இடத்திலேயே தொங்கும். இதுவோ, ஒரு முனை குச்சிக்கும் மறுமுனை டப்பாவுக்குமாக, நத்தை கொம்பை இழுத்துக்கொள்வதுபோல் மெல்லத் திரும்பிப் போனது. மூன்று முறை வெட்டினேன். மூன்று முறையும் போனது. நாற்பது வருடம் தாரோடு கிடந்தவன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தேய்ந்து எறிந்த டயருக்கு இன்னும் இவ்வளவு உயிரா?

பிறகு சாலை ஓரத்தில் குனிந்து பார்த்தேன். கருங்கல் கிடைக்காத வருடம் நான் சண்டை போட்டு வரவழைத்த சிவப்பு ஜல்லி, புதுத் தாருக்குள் பளிச்சென்று இருந்தது. நீ தூக்கிப் போடவில்லை.

குப்பை என்று எழுதியது தவறு என்று வியாழக்கிழமை சொல்வேன். வளைவில் ரோலரைச் சரியாக ஓட்டவில்லை என்பதையும் சொல்வேன். அதை விடமாட்டேன்.

உன் அம்மாவின் கத்தரிக்கோல் தாரில் ஒட்டிப் பாழாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கு. தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. வளைவுக்கு முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தச் சாலையில் நடந்து வா.

நீ போடும் சாலையெல்லாம் நீடித்து நிற்கட்டும்.

உன் அப்பா