புகைக்குள் அக்கா முகம்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வழியாக அக்காவுக்குப் பெரிய வேடம் கிடைத்துவிட்டது. இத்தனை வருடம் நாடக அரங்கின் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள், இனி மேடையில் குடித்தனக்காரர்களை விரட்டும் வீட்டுக்காரி! பதினைந்தாம் தேதி முதல் காட்சி. கேமராவும் நேரலையும் வழக்கம்போல என் பொறுப்பு.

"உங்க அத்தான் பாக்க முடியுமாடி?" என்றாள். அத்தான் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். அன்றைக்கு நடுக்கடலில் இருப்பார். "பாக்கலைன்னாலும் பரவாயில்ல" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். சாப்பிடும்போது மறுபடி கேட்டாள்.

மார்ச் 6, வியாழன்

அத்தானுக்கு ஒரு சோதனை நேரலை அனுப்பினேன். கப்பலின் மந்த இணையத்தில், சுற்றிச் சுற்றி வந்த வட்டத்தைத் தவிர எதுவும் தெரியவில்லையாம். "வட்டம் நல்லா நடிக்குது" என்று பதில் வந்தது.

இதுவரை நாங்கள் அனுப்பியது ஒரே தரத்துப் படம், அதுவும் வேகமான இணையம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். இனி அதே படத்தை நான்கு அளவில் அனுப்பப் போகிறேன். இருப்பதிலேயே சின்ன அளவுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருக்கிறேன். பார்ப்பவரின் வேகத்துக்குத் தக்கதை அவர் போனே எடுத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் படம் மங்கும், நிற்காது. ஆனால் சுண்டெலியிலும் ஒலியில் கை வைக்க மாட்டேன். சிரிப்பு நாடகத்தில் வசனம் கேட்கவில்லை என்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு

சுண்டெலி ஓடுகிறது! கப்பலில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஒத்திகை. போச்சு, எல்லாம் போச்சு.

இயக்குநர் புகை இயந்திரம் வாங்கி வந்திருக்கிறார். அக்கா நுழையும்போது மேடை முழுக்கப் புகை. நேரில் பிரமாதம்தான். ஆனால் புகை ஓயாமல் அசைகிறது. அந்த அசைவை அனுப்புவதிலேயே சுண்டெலியின் பலமெல்லாம் தீர்ந்துவிடுகிறது. அக்கா முகத்துக்கு மிச்சமில்லை. கட்டம் கட்டமாக உடைந்து — ஆளா, மேஜைத் துணியா?

குறைக்கச் சொன்னேன். "புகைதாம்மா இந்த நாடகத்தோட உயிரே" என்றார். வாடகை கேக்க வர்றவளுக்கு எதுக்குய்யா புகை? அவ என்ன பேயா? — வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்குப் போவாள். வேடமும் போய்விடும்.

மார்ச் 12, புதன்

என் போனில் வேகத்தைக் கப்பல் அளவுக்குக் குறைத்து, நேற்றைய ஒத்திகையை இயக்குநருக்குப் போட்டுக் காட்டினேன்.

"யாரும்மா இது?"

"உங்க கதாநாயகி சார்."

"மூக்கு எங்க?"

"புகை தின்னுடுச்சு."

போனை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு மெதுவாக, "போன நாடகம் நின்னு நின்னு வருதுன்னு எங்கம்மா சொன்னாங்க. போன் பழசுன்னு நான்தான் அவங்களைத் திட்டினேன்" என்றார்.

எழுந்து போகும்போது, "வாங்கித் தொலைச்சாச்சு. இடைவேளையிலயாவது விடறேன்."

விடட்டுமே! இடைவேளையில் யார் முகம் தெரிய வேண்டும்?

மார்ச் 15, சனி

செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷத்தில்.

அக்கா வந்தாள், இடுப்பில் கை வைத்தாள், முதல் வசனத்தைச் சொன்னாள். அரங்கமே சிரித்தது. நேரலை கப்பலுக்குப் போய்ச் சேரும் சில நொடிகள் கழித்து என் போனில் அத்தானின் "ஹா ஹா". அடுத்த சிரிப்புக்கும் அப்படியே. பிறகு ஒரு குரல் பதிவு: கப்பல் சாப்பாட்டு அறையில் ஒரே போனைச் சுற்றி எஞ்சின் ஆட்கள் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள்.

நாடகம் முடிந்து ஒப்பனை அறைக்கு ஓடினேன். அக்கா பாதி முகம் துடைத்திருந்தாள். பதிவைப் போட்டேன்.

"இதுல உங்க அத்தான் சிரிப்பு..." என்று காதை நெருக்கி வைத்தாள். "இதோ, கடைசியில இருமலோட முடியுதே, அதான்."

மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். மீதி முகத்தை நான்தான் துடைத்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

கப்பலில் தகராறாம். போன் சின்னது, தலைகள் அதிகம். சனிக்கிழமைக் காட்சியைக் கேப்டன் தன் அறையின் பெரிய திரையில் போடப் போகிறாராம். பெரிய திரையில் இன்னும் மங்கலாகத் தெரியும் என்று அத்தானை எச்சரித்தேன்.

"மங்கினா என்ன? வீட்டுல திட்டற மாதிரியே தெளிவா கேக்குது" என்று எழுதியிருக்கிறார்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படப் பார்த்தாள். முடியவில்லை.