என் வண்டி நின்றுகொண்டிருந்தது

மார்ச் 4, திங்கள்

ஆபீசுக்கு பஸ்ஸில் போனேன். உட்கார இடமில்லை.

நேற்று மதியம் மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இரண்டு குடும்பமும் கிளம்பினோம். முன்னால் சகலையின் கார், பின்னால் என் கார். மாமா சகலையின் ஜன்னலில் சாய்ந்துகொண்டு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. டமால். என் காரின் மூக்கே போய்விட்டது. என் வண்டி நின்றுகொண்டிருந்தது, கால் பிரேக்கில்தான் இருந்தது. இதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சகலை இறங்கி ஓடி வந்தார். "சாரிண்ணா, என் தப்புதான். ரிவர்ஸ்ல நகர்ந்துருச்சு போல." மாமா என் பக்கம் திரும்பி, "சின்னவர் கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம்" என்றார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், சகலை தப்பு, நான் சரி என்று ஆனது இதுதான் முதல் தடவை.

மார்ச் 6, புதன்

இன்ஷூரன்ஸ் படிவத்தில் 'விபத்து நடந்த விதம்' எழுத நாலே வரிதான் இடம். "எனது வாகனம் நின்றுகொண்டிருந்தது" என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

இரண்டு காரும் ஒரே ஒர்க்‌ஷாப்பில். ஒர்க்‌ஷாப்காரர் சகலையின் காரைத் தடவிக்கொடுத்து, "என்னமா வச்சிருக்கார் சார் வண்டிய!" என்கிறார். என் காரைப் பார்த்து, "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் இன்னும் வருதா?"

மார்ச் 9, சனி

சகலை காருக்கு அனுமதி வந்தாச்சாம். மூன்றே நாளில்! என் கார் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர் இன்றுதான் வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், படிவத்தைப் பார்த்தார்.

"நின்ன வண்டிக்கு இந்த அடி ஒத்துப்போகலையே சார். வீடியோ ஏதாச்சும் இருந்தா உடனே முடிச்சிடலாம்."

வீட்டில் சொன்னேன். "தங்கச்சி வீட்டுக்காரர் கார்ல பின்னாடி காமிரா இருக்கே, கேளுங்களேன்" என்றாள் மனைவி. போன் போட்டுக் கேட்டேன். "பின்னாடி காமிராவா?" என்று சகலை இழுத்தார். பிறகு, "அது அன்னிக்கு ஓடலண்ணா" என்றார்.

அவ்வளவு பெரிய கார், காமிரா ஓடவில்லை! மனைவியிடம் மூன்று தடவை சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

அவர் காருக்குப் பெயின்ட்டும் அடித்தாயிற்று. வயிறு எரிகிறது.

மார்ச் 14, வியாழன்

சகலை வெளியூரிலிருந்து பேசினார். "வண்டி ரெடியாம்ணா. நான் வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும். நீங்க எடுத்து ஓட்டிக்கிட்டிருங்க, பஸ்ல கஷ்டப்படாதீங்க."

தர்மப்பிரபு! வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. மனைவி பக்கத்தில் நின்று முறைத்தாள். சரி என்றேன்.

மார்ச் 16, சனி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

ஒர்க்‌ஷாப்காரர் சாவியைக் கொடுத்துக்கொண்டே, "லைட்டு, டோரு, காமிரா எல்லாம் செக் பண்ணியாச்சு சார்" என்றார். காமிராதான் ஓடாதே என்றேன்.

"ஓடாம என்ன? இடிச்சதைத் தனியாவே எடுத்து வச்சிருக்கு. வண்டிய விட வந்த அன்னிக்கு உங்க சகலை இங்கயே உட்கார்ந்து பார்த்தாரே. பார்த்துட்டு அணைச்சிட்டார்."

நானும் பார்த்தேன். சின்னத் திரை, அரை நிமிஷம். அவர் கார் அசையவே இல்லை. சரிவில் என் கார்தான் மெல்ல உருண்டு வருகிறது. கண்ணாடிக்குப் பின்னால் நான். முன்னால் கார் நிற்கிற நினைப்பே இல்லை. கழுத்தை எக்கி, மாமா சாய்ந்திருந்த அந்த ஜன்னலையே பார்க்கிறேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கிறது. பக்கத்துத் தட்டில் பெரிய துண்டு விழுந்ததைப் பார்க்கிற சின்னப் பிள்ளையின் முகம்.

இந்த முகத்தையா பதினோரு வருஷமாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 17, ஞாயிறு

அழிச்சிடலாமா? ஒரே ஒரு பட்டன். அழிச்சா நான் சரி, அவர் தப்பு. மாமா வாயால் வந்தது வந்ததுதான், மாறாது.

ஏன்யா மறைச்சே? என்னைக் காப்பாத்துன்னு நான் உன்கிட்ட வந்து நின்னேனா? கார்ல முந்தின, வேலையில முந்தின, மாமாகிட்ட முந்தின — நல்லவனா இருக்கறதுலயும் நீதான் முந்தணுமா?

மார்ச் 18, திங்கள்

அழிக்கவில்லை. சர்வேயரிடம் பதிவைக் கொடுத்து, புதிதாக எழுதியும் கொடுத்தேன். "எனது வாகனம் நின்றுகொண்டிருக்கவில்லை." இந்தத் தடவை கோடு போடவில்லை.

"இதை முதல்லயே எழுதியிருந்தா உங்க வண்டியும் இந்நேரம் வெளிய வந்திருக்கும் சார்" என்றார். இனி எல்லாம் முதலிலிருந்து.

மார்ச் 31, ஞாயிறு

மாமா வீட்டில் சாப்பாடு. சகலை வந்துவிட்டார். சாப்பிட்டு எழுந்திருக்கும் முன் எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். இடித்தது நான்தான் என்று. ஏன் இடித்தேன் என்பதையும் சொன்னேன்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகலை தட்டைப் பார்த்தபடி, "இப்ப எதுக்குண்ணா அதெல்லாம்" என்று முணுமுணுத்தார். மாமா ரொம்ப நேரம் கை கழுவினார். வந்து, "யாருக்கும் அடிபடலயே, விடுங்க மாப்ளே" என்றார்.

கிளம்பும்போது மாமா பழையபடி சகலையின் ஜன்னலில் போய்ச் சாய்ந்துகொண்டார். எனக்கு எரிந்தது. எரியவில்லை என்று எழுதினால் இந்த நோட்டும் இன்ஷூரன்ஸ் படிவம் ஆகிவிடும்.

என் கார் இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான். சகலைதான் எங்களையும் கொண்டுவிட வேண்டும். அவர் காரைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. நான் போய்ப் பின்னால் நின்று டிக்கியைத் தட்டினேன். "வாங்க... வாங்க... கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க... போதும்!" சரியாக நின்றார்.

காமிரா என் முகத்துக்கு நேராக இருந்தது. வாயைச் சரிசெய்துகொண்டேன்.