இடது கையால் போட்ட கையெழுத்து

அனுப்புநர்:
மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவி,
மகளிர் விடுதி, அறை எண் 14.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
காப்பீட்டுக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: தச்சர் ஒருவரின் வலது கை அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் கோரிக்கை மூன்று முறை திருப்பப்பட்டது, வரும் திங்கட்கிழமைக்குள் ஒப்புதலைப் பெற்றுத்தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவக் கோரிக்கைப் பிரிவில் ஆறு வாரப் பயிற்சிக்காகச் சேர்ந்தவள். தொழில் கற்கத்தான் போனேன். முதல் நாள் கற்றது, எந்த நாற்காலிக்குக் கால் ஆடும் என்பதும் மேற்பார்வையாளரின் டீ கோப்பையை யாரும் தொடக்கூடாது என்பதும். அலுவலகத்தில் அவருக்கு 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று பெயர். மரியாதை கருதி இம்மனுவில் மேற்பார்வையாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

2. அப்பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோப்பையும் படிப்பதற்கு முன் ஒரு முறையாவது திருப்பி அனுப்பிவிட வேண்டும். மேசையில் இருக்கும் கோப்பு நிலுவைக் கணக்கில் வரும், திருப்பிய கோப்பு வராது. வெள்ளிக்கிழமைதோறும் சுவர்ப் பலகையில் "நிலுவை: பூஜ்ஜியம்" என்று எழுதிவிட்டு, ஏதோ மலையைப் புரட்டியவர்போல மேற்பார்வையாளர் இரண்டடி தள்ளி நின்று அதை ரசிப்பார். திருப்புவதற்கு அச்சடித்த காரணங்கள் பதினொன்று. பொருத்தமான எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதுவது என் வேலை. "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா, நீயே எழுதிடு" என்றார். நானும் பெருமையோடு நாளொன்றுக்கு நாற்பது சீட்டு எழுதினேன்.

3. இம்மாதம் 2ஆம் தேதி தச்சர் ஒருவரின் வலது கையில் ரம்பம் பாய்ந்து நான்கு விரல்களின் தசைநாண்கள் அறுந்தன. மூன்று வாரத்துக்குள், அதாவது 23ஆம் தேதிக்குள், அவற்றை இணைக்காவிட்டால் விரல்கள் மடங்காது என்று மருத்துவர் எழுதியிருந்தார். அது கோப்பின் இரண்டாம் பக்கம். நான் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டேன். "காரணம் எண் 4: கையொப்பம் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை" என்று அழகாக எழுதித் திருப்பினேன். அவர் இடது கையால் போட்டிருந்தார். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4. தச்சரின் அக்கா, தையல் வேலை செய்பவர், வலது கையால் எழுத இயலாது என்ற மருத்துவரின் கடிதத்தோடு அரை நாள் விடுப்பில் வந்தார். கடிதம் செல்லாது, கைரேகை வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்ல, நான் சீட்டு எழுதினேன். இடது கைப் பெருவிரல் ரேகையோடு மறுபடி வந்தார். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் ரேகை வைக்கக்கூடாது என்று மூன்றாம் சீட்டு. அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தக் கையைச் சரி பண்ணத்தானே சார் கேக்குறோம். அதாலயே கையெழுத்துப் போடுன்னா எப்படி சார்?" என்றார். மேற்பார்வையாளர் டீ கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆபரேஷன் முடிஞ்சதும் போட்டுக் கொண்டாங்கம்மா, உடனே பாஸ் பண்ணிடலாம்" என்று பதிலளித்தார். அவர் கிண்டல் செய்யவில்லை, ஐயா. அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும்.

5. அப்போதுதான் இரண்டாம் பக்கத்தைப் படித்து மேற்பார்வையாளரிடம் காட்டினேன். மறுநாள் என் முன் ஒரு கடிதம் நீட்டப்பட்டது. தாமதம் முழுவதும் பயிற்சி மாணவியின் கவனக்குறைவு என்று அதில் இருந்தது. கையெழுத்திட்டால் "மிகச் சிறப்பு" என்று சான்றிதழாம். "போட்டா அந்த ஒப்புதல் வந்துடுமா சார்?" என்று கேட்டேன். "அது வேற ஃபைல்மா" என்றார். கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

6. சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தப் பருவத்தில் நான் தேர்ச்சி பெற முடியாது. அதைப் பெற்றுத்தரும்படி தங்களைக் கேட்கவில்லை. அந்த மேற்பார்வையாளர் சிறப்பு என்று சொல்லும் எதுவாகவும் இருக்க எனக்கு விருப்பமில்லை. நான் எழுதிய மூன்று சீட்டுகளின் நகல்களையும் மருத்துவர் குறிப்பையும் அந்த அக்காவின் சம்மதத்தோடு இணைத்துள்ளேன். என் தவறுக்கு உரிய நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். ஆனால் அதற்கு முன், திங்கட்கிழமைக்குள் மருத்துவமனைக்கு ஒப்புதல் போய்ச்சேர ஆணையிட வேண்டும். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. தயவுசெய்து இரண்டாம் பக்கத்தை முதலில் படியுங்கள்.

7. கோபத்தில் பேனாவை அழுத்தி எழுதுவதால் கீழே உள்ள என் கையொப்பம் கல்லூரிப் பதிவில் இருப்பதுபோல் இராது. அதற்காக இம்மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம் எனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

நாள்: 19, வியாழக்கிழமை
இடம்: மகளிர் விடுதி

இப்படிக்கு,
வலது கையால் ஒப்பமிடும்
பயிற்சி மாணவி