கறுப்புப் பூச்சு, மூன்று தடவை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடாத மழை. மேசை மேல் ஈரப்பதமானி 91 காட்டுகிறது. பெயிண்ட் அடிக்க எழுபதுக்குக் கீழே வேண்டும். இந்த மாதத்தில் நடக்காது.

நேற்று டவுனில் கண் டாக்டர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளாக நாளாக எனக்கு வசதியாக மாற்றிக்கொள்வேன். இடது கண் (இனி இ.க.): நடுப்பார்வை போனது போனதுதான். வலது கண் (வ.க.): இப்போதைக்குப் பழுதில்லை. தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவர் கொடுத்த கட்டத்தாளைப் பார்க்க வேண்டும். "வலதுல ஒரு கோடு வளைஞ்சாலும் சரி, நடுவுல மங்கலா ஏதாவது தெரிஞ்சாலும் சரி, அன்னைக்கே வாங்க சார். மறுநாள் இல்ல, அன்னைக்கே." மலையாளி, சின்ன வயது, நல்ல தமிழ். இதை இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்காரி தங்கத்திடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். "வலது நல்லா இருக்காம்." "அப்பாடா" என்று சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போனாள். முப்பத்தோரு வருஷம் நிருபர் வேலை. ஒரு செய்தியில் எதை விடுவது என்று தெரியாதா.

கட்டத்தாளை பீரோ கதவில் ஒட்டினேன். இ.க.: நடுவில் சாம்பல் திட்டு, சுற்றிலும் கோடுகள் நெளிவு. வ.க.: எல்லாம் நேர்.

மாடல் கார்: பிளாஸ்டிக் பாடி ஒட்டி முடிந்தது. பின் பம்பரில் ஒரு இடைவெளி, பட்டி வைத்து அடைக்க வேண்டும். அலமாரியில் முப்பத்தெட்டு கார்கள், எல்லாம் இருபத்து நாலில் ஒரு பங்கு. ஒன்றுகூடக் கறுப்பு இல்லை. கறுப்பு எதையும் மறைக்காது. தூசி, விரல் ரேகை, உப்புத்தாள் கீறல், எல்லாம் தெரியும். ரிட்டயர் ஆனபின் நிதானமாகச் செய்யலாம் என்று இந்தப் பெட்டியை ஒன்பது வருஷம் பிரிக்காமல் வைத்திருந்தேன். இது ஒன்றை முடித்து, முழுசாக, என் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் காலைப் படகு ஒன்று ரத்து. அடுத்ததில் நின்றுகொண்டே எதிர்க்கரை, சாத்தாம். அங்கிருந்து பஸ்ஸில் பஜார், நாசர் பாய் ஹார்டுவேர் கடை.

மெதுவாகக் காயும் தின்னர் இன்னும் வரவில்லை. மழைக்காலத்தில் சாதாரண தின்னர் போட்டால் பெயிண்ட் சட்டென்று காயும். காயும்போது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேலே பால் ஊற்றியதுபோல் வெண்மை படியும்.

"ஃப்ளைட்ல ஏத்த மாட்டான் சார், தீப்பிடிக்கிற சாமான். ஷிப்லதான் வரணும். ஷிப் சென்னையிலயே நிக்குது. சமந்தர் கராப், கடல் சரியில்ல."

"எப்ப கிளம்பும்?"

"நீங்கதான பேப்பர்காரரு. நான் ஒங்களக் கேக்கணும்." பக்கத்தில் சிமெண்ட் வாங்க வந்தவர் சிரித்தார்.

உப்புத்தாள் 2000 நம்பர் நாலு, மாஸ்கிங் டேப் ஒன்று. திரும்பும்போது படகில் யாரோ பேப்பர் விரித்திருந்தார்கள். தலைப்பு படித்தேன். உள்ளே இருப்பதைப் படிக்கவில்லை. படகு ஆட்டம்.

வ.க.: நேர்.

ஆகஸ்ட் 6, புதன்

மத்தியானம் ஒரு மணி நேரம் வெயில். 78. உடனே பிரைமர். சாம்பல் நிறம், ஒரே சீராக விழுந்தது. பல்புப் பெட்டிக்குள் வைத்தேன். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அந்தக் காலத்தில் நானே அடித்த மரப்பெட்டி, உள்ளே அறுபது வாட் பல்பு. இப்போது கார் காய்கிறது.

டீ ஊற்றும்போது கொஞ்சம் தட்டில் விழுந்தது. தங்கம்: "என்னாங்க, தட்டுக்கும் டீ வேணுமா?" சிரித்தேன். அவள் சிரித்த மாதிரி தெரியவில்லை. அவள் துடைத்தாள்.

கட்டத்தாள்: பார்க்கவில்லை. பிரைமர் அவசரம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காத்திருக்க முடியாது என்று முடிவு. சாதாரண தின்னரிலேயே முதல் கறுப்பு. காலை 10.20-க்கு ஆரம்பம், 86. ஏர்பிரஷ், லேசாக மூன்று ஓட்டம். அடிக்கும்போது ஈரமாக, ஆழமாக இருந்தது. இப்படி ஒரு கறுப்பை நான் அடித்ததே இல்லை.

கட்டத்தாள்: நாளை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பல்புப் பெட்டியைத் திறந்தேன். பானெட் நடுவில் வெள்ளை. மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி.

தங்கத்தைக் கூப்பிட்டேன். "பானெட் நடுவுல வெள்ளையா இருக்குல்ல?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி காரை. "ஆமாங்க. வெள்ளையாத்தான் இருக்கு. கூரையிலயும் இருக்கு, ஓரமா."

ஓரத்தில் இருப்பதை நான் கவனிக்கவில்லை. அவள் கண் கூர்மை.

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். பிறகு தண்ணீர், உப்புத்தாள். சாயங்காலம் வரை தேய்த்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

நாசர் பாய்க்கு போன். ஷிப் கிளம்பவில்லை.

இரண்டாவது கறுப்பு. இந்த முறை பாடியையும் பெயிண்டையும் பல்புப் பெட்டியில் சூடாக்கி, மழை ஓய்ந்த நேரமாகப் பார்த்து அடித்தேன். 80. கம்ப்ரசரில் சேர்ந்த தண்ணீரை வடித்தேன். தவறு செய்ததாகத் தோன்றவில்லை.

தங்கம் பேப்பரை எடுத்து, நான் கேட்காமலே, தலைப்புகளைச் சத்தமாகப் படித்தாள். கட்சால் தீவில் இருந்த காலத்தில் அவள் அப்பா ரப்பர் தோட்டத்திலிருந்து வந்ததும் இப்படித்தான் படித்துக் காட்டுவாளாம். அவருக்கு எழுத்து தெரியாது. "எனக்கு எழுத்து தெரியும்" என்றேன். "டீக் ஹை, சரிங்க. சும்மாதான் படிச்சேன்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மறுபடி வெள்ளை. அதே இடம், பானெட் நடு.

"இன்னும் இருக்கா?" என்றேன்.

"இருக்குங்க." கொஞ்சம் நிறுத்தி, "தேச்சுட்டு இன்னொரு தடவ அடிங்களேன்" என்றாள்.

தேய்த்தேன். பின்கதவு ஓரத்தில் கறுப்பு போய், பிரைமர் போய், பிளாஸ்டிக் தெரிகிறது என்று விரலில் பட்டது. கதவைப் பிரித்துக் காட்டும் கோடு மயிரிழைதான். அதன் ஆழம் குறைகிறது. இன்னொரு முறை தாங்காது.

சாப்பிடப் பிடிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் காருக்கு இந்த வயதில் இப்படியா. காருக்கு மட்டும்தானா என்று கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று மாலை மூன்றாவது கறுப்பு. இன்று காலை வெள்ளை.

ஒரு விஷயம், எழுதி வைக்கிறேன். ஈரம் படிந்தால் ஓரங்களிலும் மடிப்புகளிலும்தான் முதலில் படியும். எனக்குத் தெரிவது எப்போதும் நடுவில். காரைத் திருப்பி வைத்தேன். டிக்கி என் பக்கம் வந்தது. டிக்கி நடுவில் வெள்ளை.

தங்கத்திடம் கேட்டேன். "ம்" என்றாள். அடுப்பைப் பார்த்தபடி.

கம்ப்ரசரில் எண்ணெய் கசிகிறதோ என்னவோ. தெரிந்த ஆளிடம் காட்ட வேண்டும். ஒரே ஆள் சொன்னதை வைத்துச் செய்தி போடுவதில்லை.

கட்டத்தாள்: இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

படகு, பிறகு கராச்சர்மா பஸ். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே, நிஜக் கார்களுக்கு டென்டிங், பெயின்டிங் செய்யும் ஷெட். மிஸ்திரி தெலுங்குக்காரர், ஹிந்தியும் தமிழும் கலந்து பேசுவார். காரைத் துணியிலிருந்து பிரித்துக் கொடுத்தேன்.

"அரே வா. இதுக்கு இன்சூரன்ஸ் இருக்கா சார்?" பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"பெயிண்ட்ல என்ன கோளாறு?" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"பெயிண்ட்லயா? ஏக்தம் ஷீஷா சார். கண்ணாடி. என் மூஞ்சி தெரியுது, பல்லு குத்தணும்னு தெரியுது. இந்தப் பக்கம் கதவு மட்டும் ஓவரா தேச்சிட்டீங்க. கோடு இல்ல."

"நடுவுல வெள்ளையா?"

"வெள்ளையா? எங்க?"

விரலால் காட்டினேன். அவர் காரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பஸ் ஸ்டாப் வரை ஒரு பையனைக் கூடவே அனுப்பினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பீரோ. இ.க. மூடினேன். வ.க.: நடுவில் ஆறு கட்டம் இல்லை. வெண்சாம்பல். பக்கத்துக் கோடுகள் வளைவு.

தங்கம் பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்திரி என்னா சொன்னாரு?"

"கண்ணாடி மாதிரி இருக்காம்."

குழாயை மூடினாள்.

"நீ வெள்ளையா இருக்குன்ன."

"மொத தடவ நெசமாவே இருந்துச்சுங்க. கூரையில. அதுக்கப்புறம் இல்ல."

"அப்ப ஏன் சொன்ன?"

"நீங்க கேட்டதே அப்படித்தான. 'இன்னும் இருக்கா'ன்னு. இல்லன்னு சொன்னா அப்புறம் என்னான்னு எனக்குத் தெரியாதா? டீ ஊத்துனப்பவே தெரியும். பெயிண்டு கெட்டுதுன்னா திரும்ப அடிச்சுக்கலாம். ஒங்களுக்கு ஒரு வேலையா இருக்குமேன்னு..."

அப்போது டாக்டர் சொன்ன மறுபாதியைச் சொன்னேன். அன்றே வர வேண்டும். மறுநாள் இல்லை.

"எப்ப சொன்னாரு?"

"ரெண்டாந்தேதி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயப்படுவ."

ஈரக் கையில் விரல் விட்டு எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு என்று பதிமூன்று வரை. அழவில்லை. குழாயைத் திறந்து மீதி மீனைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவியதையும் கழுவினாள்.

இரண்டாவது பூச்சு குறையே இல்லாமல் இருந்திருக்கிறது. கதவுக் கோட்டோடு, முழுசாக. அதைத் தேய்த்து எடுத்தது நான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதல் படகில் டாக்டரிடம். தங்கமும்.

"எப்ப முதல்ல கவனிச்சீங்க?"

நான் வாய் திறக்குமுன் தங்கம்: "ஆறாந்தேதி டாக்டர். எனக்குத்தான் தெரியும். நாந்தான் சொல்லல."

"பெயிண்ட் என்று நினைத்துவிட்டேன்" என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

கருவியில் பார்த்தார். "அன்னைக்கே வந்திருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுதத் தொடங்கினார். பிறகு: "சென்னையில ஊசி போட்டா மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். போனது திரும்பறது கஷ்டம்." மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். நானும் எத்தனையோ அதிகாரிகளிடம் கேட்டு வாங்கிய பதில்தான்.

நாளை சுதந்திர தினம், சனி வரை டிக்கெட் இல்லை. ஞாயிறு காலை ஃப்ளைட்.

திரும்பும் படகில் தங்கம் டாக்டர் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்தாள். அவள் கையை எடுத்துவிட்டேன். ஜெட்டியில் படி வந்தது. நானே அவள் கையைத் தேடினேன்.

ஆகஸ்ட் 16, சனி

மழை. ஈரப்பதம் தெரியவில்லை, எண் படிக்க முடியவில்லை.

பையில்: டாக்டர் கடிதம், ஸ்கேன், சட்டை நாலு, அவள் சேலை மூன்று, ஊறுகாய். இந்த நோட்டு. நான் எழுதும் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன என்று தங்கம் சொல்கிறாள். தடித்த பேனா தேடித் தந்தாள்.

11 மணிக்கு நாசர் பாய் போன். "சார், ஷிப் வந்துருச்சு. ஒங்க தின்னர் ரெண்டு டின்னு. எடுத்து வைக்கவா?"

"வேற யாருக்காவது குடுத்துருங்க பாய்."

"யாருக்கு சார்? இந்த ஊர்ல இத வாங்குற ஒரே ஆளு நீங்கதான்."

பின்னால் யாரோ ஆணி கேட்டார்கள். "சரி சார், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அலமாரியைச் சாத்தினேன். முப்பத்தெட்டு. ஒவ்வொன்றும் எங்கே என்று கைக்குத் தெரியும். கறுப்பை மட்டும் வெளியே எடுத்து, சக்கரம் இல்லாமலே ஜன்னலருகே வைத்தேன். நேராகப் பார்த்தால் கார் இல்லை. தலையைத் திருப்பினால் ஓரத்தில் ஒரு கறுப்பு விளிம்பு, உடனே போய்விடுகிறது.

தங்கத்தைக் கூப்பிட்டேன். இந்த முறை சாட்சியிடம் கேட்பதுபோல் கேட்டேன். "என்ன தெரியுது, சொல்லு."

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கறுப்பா இருக்கு. ஜன்னல் தெரியுது. ஜன்னல் கம்பி தெரியுது, ஏழு. நடுவுல நான் தெரியுறேன், பக்கத்துல நீங்க. இந்தப் பக்கம் பின்கதவே இல்ல, தேஞ்சுபோச்சு." பிறகு, "பொய் சொல்லலீங்க" என்றாள்.

குறிப்பு: 1/24 செடான். மேல்பூச்சு கறுப்பு, பளபளப்பு, வெண்மை ஏதும் இல்லை. இடப்பக்கப் பின்கதவுக் கோடு அழிந்துள்ளது. தகவல்: தங்கம். நேரில் பார்த்து உறுதிப்படுத்த முடியவில்லை.