ஆணியடித்த ஜன்னல்

மார்ச் 4, செவ்வாய்

அக்காவின் மூக்கைக் கொன்றது முதலாளிதான்.

பெயின்ட் அறையின் ஒரே ஜன்னலுக்கு ஆணியடித்து வைத்திருக்கிறார். ஈரப் பெயின்ட்டில் தூசி விழுந்துவிடுமாம். உள்ளே மனுஷி விழுந்தால் பரவாயில்லை. அடுக்குமாடி கட்டுகிறவர்கள் மேசைமேல் வைத்துக் காட்டும் குட்டி மாதிரிக் கட்டடங்களைச் செய்கிறோம். நான் பிளாஸ்டிக் தகட்டில் ஜன்னல் வெட்டுகிறேன். அக்கா பெயின்ட் அடிக்கிறாள்.

காலையில் அக்காவின் பாப்பாவுக்கு வைத்த பால் தீய்ந்து வீடே நாறியது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள் அக்கா.

"எதுக்குடா கத்துற?"

மார்ச் 5

வெறும் ஜலதோஷம்தான் என்கிறாள் அக்கா. மாசக்கணக்கிலா ஜலதோஷம் இருக்கும்?

மார்ச் 8, சனி

டப்பாவைத் திறந்ததும் எனாமல் பெயின்ட் தேன் மாதிரி இருக்கும். அப்படியே அடித்தால் நான் வெட்டிய விளிம்பெல்லாம் அடைந்துபோகும். அக்கா டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவாள். கிண்ணத்தின் ஓரத்தில் குச்சியால் ஏற்றிப் பார்ப்பாள். பால்போல மெல்ல வழிந்தால் சரி.

ஸ்ப்ரே துப்பாக்கி கழுவ வேறொரு தின்னர் உண்டு. பட்டால் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். இரண்டும் தண்ணீர் நிறம். இரண்டும் பழைய தண்ணீர் பாட்டிலில். மோந்து பார்த்துத்தான் எடுக்கிறோம்.

"நீ எப்படிக்கா எடுக்கிற?"

"இடப்பக்கம் இருக்கறது டர்பன்டைன். போதுமா? வெளிய உளறாத. வேலை போயிடும்."

மார்ச் 10

பாட்டிலில் பேப்பர் எழுதி ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் தின்னர் வழிந்து எழுத்தெல்லாம் கரைந்து நீலக் கறைதான் மிச்சம்.

பசை ஒட்டும் அண்ணன் சிரித்தார். "என்னடா, தண்ணி பாட்டிலுக்குப் பேர் வைக்கிற விழாவா?"

மார்ச் 13, வியாழன்

போச்சு.

கை துடைக்க டர்பன்டைன் எடுத்த பசை அண்ணன் அதைத் தின்னருக்கு வலப்பக்கம் வைத்துவிட்டார். அவருக்கென்ன தெரியும் பாவம். அக்கா இடப்பக்கத்து பாட்டிலை எடுத்துக் கரைத்து, நாளைக்குப் போகவேண்டிய கட்டடம் முழுக்க அடித்துவிட்டாள். சுவரெல்லாம் கிழத்தோல் மாதிரி சுருங்கியது. நான் வெட்டிய ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தொய்ந்து மூடிக்கொண்டன. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மூக்குன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" என்று முதலாளி கத்தினார்.

"இல்ல சார்," என்றாள் அக்கா.



"அப்ப வீட்லயே இரு."

அவ்வளவுதான்! அவ்வளவுதானா? எட்டு வருஷம் அந்த அறையில் கிடந்தவளுக்கு?

மார்ச் 15

டாக்டர் குப்பி குப்பியாக மூடியைத் திறந்து, மோந்து பார்க்கச் சொல்லி ஏதேதோ நீட்டினார். எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டி இல்லையென்றாள். திரும்ப வருமா என்று கேட்டேன். "இவ்ளோ நாள் ஏன் வரல?" என்றார். விடுமுறை கொடுத்தால்தானே வருவாள்.

மார்ச் 17

பாப்பாவைக் குளிப்பாட்டி மடியில் போட்டுக்கொண்டு அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்து வைத்து எடுக்கிறாள்.

"டேய், நீ சொல்லு. இவ தலை என்ன வாசனை வரும்?"

பால் வாசனை என்றேன். வேறெப்படிச் சொல்வது?

தினமும் கேட்கிறாள்.

மார்ச் 24, திங்கள்

முதலாளி கூப்பிட்டார். "உங்கக்கா கரைக்கறத பாத்திருக்கல்ல? உள்ள உக்காரு."

உட்கார்ந்தேன். வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள்? அக்காவின் ஸ்டூல்தான். அவள் குச்சி, அவள் கிண்ணம். மதியத்துக்குள் தலை கனத்தது. ஆணி துருப்பிடித்திருக்கிறது. எனாமல் படிந்து அதுவும் வெள்ளையாகிவிட்டது.

வந்ததும் அக்கா பாப்பாவை நீட்டினாள். மோந்தேன்.

தின்னர் வாசனைதான் வந்தது.

"பால் வாசனைக்கா."

மார்ச் 25

காலையிலேயே முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். புதுக் கட்டடத்தின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்.

"ஜன்னலத் திறங்க சார்."

தலை தூக்கவில்லை. வரைபடத்தில் ஏதோ கோடு போட்டார்.

"சார், ஜன்னலத் திறங்க."